மேட்டடியில் கிடைத்த துளைக்கல்

பிள்ளைகளே, பள்ளிக்கூட நோட்டில் ஒரு கோட்டை வரைந்து, ‘நம் ஊர்க் குறும்பர் கோட்டை’ என்று எழுதியிருந்தீர்கள். அது கோட்டை என்று பெரியப்பா சொன்னாராம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது கம்பெனி ஷெட் நிற்கிற இடத்தில், அப்போது நீளமாக வளைந்த ஒரு மண்மேடு இருந்தது. யார் போட்டது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. 1991-இல் பட்டணத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் அதைப் பார்க்க வந்தார். என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, பத்தாவது படித்தவர். நான் எட்டோடு நின்றவன். வந்தவர் மேட்டை அளக்க டேப்பின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. மேட்டை ஒட்டி வருஷா வருஷம் ஏர் ஓட்டுகிறவன் நான். அண்ணன் அங்கே செருப்பைக்கூட அழுக்காக்கியதில்லை.

“அந்தக் காலத்துல இங்க ஆண்ட குறும்பருங்க கோட்டை சார் இது. மதிலு இடிஞ்சி மேடாயிட்ச்சி,” என்றார் அண்ணன். வந்தவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது வேறு. மேட்டுக்கு மேற்கே உழுதால் களிமண்ணும் நத்தை ஓடுமாக வரும்; கிழக்கே வராது. அந்த ஆடியில்தான் மேட்டடியில் ஏர்க்கொழு இடித்து, வட்டமாகத் துளை போட்ட பலகைக்கல் ஒன்று கிடைத்தது. பிள்ளைப்பாக்கம் ஏரி மதகில், தண்ணீர் போகும் வழியில், அதே மாதிரிக் கல்லைப் பார்த்திருக்கிறேன். அது கோட்டை இல்லை. தூர்ந்துபோன ஏதோ ஓர் ஏரியின் கரை.

ஆராய்ச்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். “உங்க நிலத்துல கல்லு, கில்லு ஏதாவது கிடைச்சுதாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சிரித்தார். “அவன இன்னா சார் கேக்கறீங்க? மாட்டு வாலத் தவிர அவனுக்கு இன்னா தெரியும்?”

“ஒண்ணும் கெடைக்கல சார்,” என்றேன்.

அவர் நோட்டை மூடிக்கொண்டு பஸ் ஏறினார். கல்லைப் பார்த்தால் அதற்கும் அண்ணன் ஒரு கதை சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வார் என்று, அன்று சாயங்காலமே துளையைச் சிமெண்டால் அடைத்தேன்.

இப்போது மேடும் இல்லை. அம்மா துணி துவைக்கிறாளே, அந்தக் கல்தான் மிச்சம். நடுவில் நிறம் மாறிய இடத்தை உளியால் தட்டுங்கள், துளை தெரியும். பெரியப்பாவைக் கூப்பிட்டு நீங்களே காட்டுங்கள். என் வாயால் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.