ஜூன் முப்பத்தொன்று

திரையில் என் பெயர் மட்டும் சிவப்பாக நின்ற அந்த மதியம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரு மாடி அலுவலகம். ஆலைகளின் ஊழியர் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஏற்றியதைச் சரிபார்க்கும் நிரலை எழுதியவர் எங்கள் மேடம். மாரெட்பள்ளித் தமிழ்க் குடும்பம், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை நிரந்தரமாக்கச் சொன்னவரும் அவரே. அதற்காக என் விவரத்தையும் அதே நிரலுக்குள் விட்டார். அது தள்ளிவிட்டது.

என் பிறந்த தேதி 31-06-1981. நாள் தெரியாமல் வந்த பிள்ளைகளையெல்லாம் எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் பள்ளி திறக்கும் ஜூனில் பிறக்க வைத்தார். அவசரத்தில் எனக்கு இல்லாத நாளைக் கொடுத்துவிட்டார். எட்டாம் வகுப்போடு கிளம்பியவனுக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். திருப்பூர், புனே, சனத்நகர், எங்கும் யாரும் கேட்டதில்லை. ஓரிடத்துக் கணினி தானாகவே என்னை ஜூலை ஒன்றாக்கியிருந்தது; இன்னோரிடத்தில் ஜூன் முப்பது.

“ஒரு நாள்தானே மேடம், கொஞ்சம் தளர்த்தி விடுங்களேன்.”

“நக்கோ, வேண்டாம் அண்ணா. தளர்த்தினா சத்தமில்லாம எதையாவது போட்டுக்கும். ஆதார்ல ஒண்ணு, பி.எஃப்.ல ஒண்ணுன்னு அறுபது வயசுல எந்த கவுண்டர்ல போய் நிப்பீங்க?”

“அப்போ முப்பதுன்னு நீங்களே போட்டுடுங்க.”

“எது சரின்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?”

பக்கத்து இருக்கைக்காரர், “உங்களுக்கு வயசே ஏறாதுண்ணா, விடுங்க” என்றார். மேடம் சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் திருத்தி வரச் சொன்னார்.

ஊருக்குப் போனேன். பள்ளியில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். அதைக் கொடுத்ததும் கல்வி அலுவலகக் கடிதம் கேட்டார்கள். ஜூன் முப்பது என்று திருத்தி வாங்க ஏழு வாரமாயிற்று. திரும்பியபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். “ரெண்டு தடவை டைம் கேட்டேண்ணா, மேலே ஒத்துக்கல” என்றார் மேடம், விசைப்பலகையைப் பார்த்தபடி. அந்த வாரமே கிளம்பிவிட்டேன். பல பேருந்து நிலையங்களில் அவரைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது என் பழைய பி.எஃப். கணக்குகளை ஒன்றாக்க அலைகிறேன். ஜூலை ஒன்றில் பிறந்தவன் நான் இல்லை என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். அப்படி எழுதிய கம்பெனியை மூடிவிட்டார்கள். கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட இடங்களுக்குத்தான் மறுபடி மறுபடி நடக்கிறேன். என்னை வெளியே நிறுத்தியது அந்த ஹப்சிகுடா அலுவலகம் ஒன்றுதான். அங்கே திருத்த வேண்டியது எதுவும் இல்லை.