யானை அச்சும் லத்தீன் பாடமும்

சித்தப்பாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. குருமடத்திலிருந்து லீவுக்கு வந்தவர், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருந்த எங்கள் பொம்மைப் பட்டறைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். லத்தீன் பரீட்சையில் தோற்றிருந்தார். இன்னொரு முறை தோற்றால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். மாதா கோயில் சாமியாராக்குவதாகத் தாத்தா நேர்ந்துவிட்ட பிள்ளை அவர். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை.

கூழாகக் கரைத்த களிமண்ணை யானை அச்சுக்குள் ஊற்றி, ஓரம் கெட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். நேரம் கூடினால் யானை தடித்து, சூளையில் வெடித்துவிடும். அந்தக் காத்திருப்பையே அப்பா பாடவேளையாக்கினார். சித்தப்பா “அமான்ஸ், அமாந்திஸ், அமாந்தி” என்பார். அதற்கு மேல் வராது. எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

“அவன் நிறுத்துனா நீ எடுத்துக் குடு பாப்பா” என்று அப்பா புத்தகத்தை என் மடியில் வைத்தார். நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அந்தச் சொல்லின் ஒருமை வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பன்மைக்கு நாங்கள் போகவே இல்லை.

“இதுக்கு என்னா அர்த்தம் சித்தப்பா?”

“அமாரேன்னா நேசிக்கிறது. அதுலேருந்து பொறந்தது அமான்ஸ், நேசிக்கிறவரு. அப்புறம் நேசிக்கிறவரோட, நேசிக்கிறவருக்குன்னு போவும். ஆளு அதேதான், வாலு மட்டும் மாறும்.”

“பெயிலாயிட்டா என்னா பண்ணுவீங்க?”

“யானை ஊத்துவேன்” என்றார். நான் சிரித்தேன்.

ஒரு நாள் பங்குச் சாமியார் பட்டறைக்கே வந்து ஒப்பிக்கச் சொன்னார். சித்தப்பா வழக்கம்போல் மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டார்.

“வரலன்னா விட்டுடுங்க. வூட்டோட இருக்கட்டும்” என்றார் சாமியார். அப்பா தலைகுனிந்தார். சித்தப்பா முகத்தில் மட்டும் வருத்தமே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? ஒருமை முழுவதையும் மடமடவென்று ஒப்பித்தேன்.

“பன்மை?” என்றார் சாமியார்.

எனக்கு ஏது பன்மை? எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உதடு பிதுங்கி, கண் நிறைந்துவிட்டது.

சித்தப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். “அமாந்தெஸ்” என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார். சொன்னேன். “அமாந்தியும்.” சொன்னேன். “அமாந்திபுஸ்.” கடைசிவரை அவரிடம் ஒரு தடங்கல் இல்லை.

அப்பா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார். அன்று ஊற்றிய யானைகளைக் கவிழ்க்க யாருக்கும் நினைவு வரவில்லை. அடுத்த வாரமே அவரைப் பஸ் ஏற்றிவிட்டோம். இப்போது எங்கோ ஒரு பங்கில் சாமியாராக இருக்கிறார்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, இத்தனை நாள் என்னை ஏன் எடுத்துக்கொடுக்க வைத்தார்? பஸ் கிளம்பும்வரை அவரோடு நான் பேசவே இல்லை.