மீன் படத்துக்குக் காவல்

அருங்காட்சியகத்தின் ஏழாம் அறையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவரை அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் "சிலை" என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதர் இமைகூட அசைக்கமாட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வாண்டு ஒன்று அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது சூடா இருக்கு!" என்று அலறிய கதையைச் சொல்லிச் சொல்லியே டிக்கெட் கிழிப்பவருக்குப் பல வருஷம் பொழுது போனது.

அந்த அறையின் பெரிய சுவரை ஒரே ஓர் எண்ணெய் ஓவியம் அடைத்திருந்தது. முந்நூறு வருஷப் பழசு. வரைந்தவர் பெயர் தெரியாது. கல்மேசையின் மேல் கூடை ஒன்று சாய்ந்து கிடக்க, அப்போதுதான் பிடித்த மீன்கள் சரிந்து குவிந்திருக்கும். செவுளில் ரத்தச் சிவப்பு, செதிலில் ஈரம். மல்லாந்து கிடக்கும் திருக்கையின் வெள்ளை வயிறு மனித முகம் மாதிரி இருக்கும்.

ஒருநாள் ஓவியங்களுக்குப் பொறுப்பான அதிகாரியம்மா பக்கத்தில் நின்றபோது காவல்காரர் தானாகவே வாய் திறந்தார். "இதுல ஒண்ணு மட்டும் நேத்து செத்த மீனுங்க. இடது ஓரத்துல பாருங்க, கண்ணு உள்ள போயிருக்கு. வரையிறவரு நாள் கடத்திட்டாரு." அதிகாரியம்மா அசந்துபோனாள். "எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள். "முன்ன கடல்ல இருந்தேன்," என்றார்.

கடலில் இருந்தார் என்றால் சும்மா இல்லை. எட்டுப் பேர் போகும் விசைப்படகுக்கு அவர்தான் தலைவர். தம்பியும் அதே படகில். அந்தத் தடவை போன இடமெல்லாம் கடல் கையை விரித்தது. பதினோராம் நாள் காலையில்தான் வலை கனத்தது. எல்லோரும் கூவிக்கொண்டே இழுத்தார்கள். வலை படகை நெருங்கும்போது வடம் சுற்றும் உருளையின் பிடி நழுவிவிட்டது. வடம் சரசரவென்று திரும்பக் கடலுக்குள் ஓடியது. அதன் சுருக்கில் தம்பியின் கால் சிக்கி, ஆளும் கூடவே போய்விட்டான்.

வடத்தை வெட்டினால் வலை மீனோடு போய்விடும், ஆனால் சுருக்கு இளகி ஆள் மேலே வந்துவிடுவான். கடலில் கால் வைத்த எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. கோடாலி அவர் கையில்தான் இருந்தது. அவர் வெட்டவில்லை. உருளையைச் சரிசெய்து இழுத்துவிடலாம் என்று நினைத்தார். சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆனது. வலையை மேல்தளத்தில் கொட்டியபோது மீனெல்லாம் துள்ளியது. தம்பி துள்ளவில்லை.

கரைக்கு வந்ததும், வெட்ட நேரமே கிடைக்கவில்லை என்று சொன்னார். கூட இருந்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் அவர் படகில் ஏறவில்லை. கடல் இல்லாத ஊராகப் பார்த்துக் காவல் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஏழாம் அறையில் போட்டபோது வேறு அறை கேட்டார். "கடல்காரனுக்கு மீன் படம் கசக்குதா?" என்று மேலாளர் சிரித்ததோடு சரி. தம்பி மகளைத் தன் மகளைப் போலவே படிக்க வைத்தார். அவளும் நர்ஸாகி, இதே ஊரில் குடித்தனம் வைத்தாள்.

பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தம்பி மனைவி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏழாம் அறைக்குள் வந்தாள். ஊரிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் பை இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"என்னம்மா, திடீர்னு? வீட்டுக்குப் போகலையா?"

"இல்ல மாமா. படகுல சமையல் பாத்தாரே, அவரு படுத்த படுக்கையா இருக்காரு. கூப்பிட்டு விட்டாரு, போனேன்." பையைத் தரையில் வைத்தாள். "கோடாலி உங்க கையில இருந்துச்சாமே?"

அவர் எழுந்து நின்றார். பத்தொன்பது வருஷமாக எதிர்பார்த்திருந்த கேள்விதான்.

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வெட்டல?"

"வலை நிறைஞ்சிருந்துச்சும்மா."

அவள் அழுவாள், அறைவாள் என்று நினைத்தார். அவள் திரும்பி ஓவியத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த மாதிரி மீனுக்கு நடுவுலதான் கிடந்தாரா?"

"ஆமா."

"புள்ளைகிட்ட நான் சொல்லமாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நீங்களே சொல்லுங்க." பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அவர் வீட்டுக்கும் போகவில்லை, மகள் வீட்டுக்கும் போகவில்லை. அடுத்த பேருந்தில் ஊருக்கே திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பி மகள் வீட்டுக்குப் போனார். அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியப்பா, டீ போடவா?" என்றாள். வேண்டாம் என்றவர், நின்றபடியே ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஒயரைப் பிடுங்கினாள்.

"அப்பா கத்துனாரா?"

"கத்துனான்."

"என்னன்னு?"

"அண்ணேன்னு."

அவள் கதவருகே போய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இனிமே வராதீங்க, பெரியப்பா." அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் மாற்றவில்லை. அது அவரை உயிரோடு அறுத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும் கை நிற்கவேயில்லை.

"எனக்குத் தெரியுங்க. தூக்கத்துல நீங்க உளறாத நாள் உண்டா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லணும், அத நான் நம்பணும். எதுக்கு ரெண்டு பேருக்கும் வெட்டி வேல?"

அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரு துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு, அடுத்த துணியை மடித்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அதுவரை ஏழாம் அறையில்தான் இருந்தார். மாதம் ஒருமுறை மனைவி தம்பி மகளைப் பார்க்கப் போவாள். அவரும் கூடவே போய், தெருமுனையிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அவள் வரும்வரை காத்திருப்பார். பிறகு இருவரும் ஒன்றாக வீட்டுக்குத் திரும்புவார்கள். அங்கே என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.