ஒரு சூத்திரத்துக்கு நான்கு விடைகள்

எங்கள் நிறுவனம் பம்ப்செட் தேர்வு செய்வதற்கான மென்பொருளைத் தயாரிக்கிறது. அலுவலகம் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். கிணற்றின் ஆழம், குழாயின் நீளம், விட்டம் எல்லாம் கொடுத்தால் எந்த மோட்டார் வேண்டும் என்று அது சொல்லும். அதற்குக் கையேடு எழுதுவது என் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும்.

இந்தப் பக்கத்து விவசாயிகள் கணினி சொல்லும் எண்ணை நம்ப மாட்டார்கள். டீலர் அவர்கள் கண்முன்னால் தாளில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டீலர்கள் கையேட்டைத் திறப்பதே அதற்குத்தான். அதனால் குழாய் உராய்வில் வீணாகும் அழுத்தத்துக்கான சூத்திரத்தை நான் லேட்டெக்ஸ் என்ற கணித அச்சு முறையின் குறிகளில் எழுதியிருந்தேன். திரையில் அது பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே வரும்: நடுவில் வகுத்தல் கோடு, அதன் கீழே 2gD, மேலே வேகத்தைக் குறிக்கும் V, அதன் தலையில் சின்னதாக ஒரு 2.

பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும் சில பக்கங்களில் சூத்திரத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. சரிசெய்ய இரண்டு நாள் கேட்டேன்.

“எதுக்குங்க அம்மணி இத்தன அலங்காரம்? சும்மா டைப் பண்ணிப்போட்டா முடிஞ்சுதுங்க,” என்றார் எங்கள் டீம் லீட். நான் மறுத்ததும், அவரே ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் மாற்றினார். fLV2/2gD. ஒரே வரி.

கோபிசெட்டிபாளையத்து டீலர் ஒருவர் அந்த வரியை, ஒரு தென்னந்தோப்புக்காரர் முன்னால், கால்குலேட்டரில் அப்படியே தட்டினார். வேகத்தை வர்க்கம் ஆக்காமல் இரண்டால் பெருக்கினார். கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய மூன்றில் முதலாவதால் மட்டும் வகுத்துவிட்டு மற்ற இரண்டையும் பெருக்கினார். ஒன்பது மீட்டர் வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தது. மென்பொருள் பெரிய மோட்டாரைத்தான் சொன்னது. தோப்புக்காரர் தாளை நம்பினார். சின்ன மோட்டாரை இறக்கினார்கள். தோப்பின் மேல்கோடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார். டீம் லீட் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அம்மணி புதுசுங்க. டைப் பண்றதுல தவறிப்போச்சு. ப்ரொபேஷன வேணா ஆறு மாசம் நீட்டிக்கலாமுங்க.” முதலாளி தலையாட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று நோட்டில் மூன்று வரி எழுதினேன். ஒன்று: கையேட்டில் எந்த வரியை யார் மாற்றினார்கள் என்ற பதிவு கணினியில் அழியாது. இரண்டு: மூன்று வாரத்தில் டீலர்கள் கூட்டம். மூன்று: அதில் கையேட்டை விளக்கப்போவது டீம் லீட்.

பதிவை அன்றைக்கே முதலாளியிடம் காட்டியிருக்கலாம். மூடிய அறைக்குள் டீம் லீட் தலைகுனிவது எனக்குப் போதவில்லை. பிடிஎஃப் சிக்கலைத் தீர்த்து, திருத்திய கையேட்டை என்னிடமே வைத்துக்கொண்டேன். திருத்தியாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. கோபிக்காரருக்கு மட்டும் போன் செய்து சரியான கணக்கைச் சொன்னேன். மற்ற டீலர்கள் மூன்று வாரமும் தப்பான வரியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தெரிந்துதான் விட்டேன்.

கூட்டத்தில் நாற்பது பேர். டீம் லீட் பேசி முடித்ததும் எழுந்தேன். “சார், ஒரு கணக்கு எல்லாருமே போட்டுப் பாக்கலாமுங்களா?” அந்தத் தென்னந்தோப்பின் எண்களைப் பலகையில் எழுதினேன். கையேடுகளும் கால்குலேட்டர்களும் வெளியே வந்தன.

“மூணுங்க.”

“எனக்குப் பன்னெண்டு வருதுங்களே?”

“ஏனுங்க, ரெண்டுதானுங்க!”

“ஒம்பது,” என்றார் கோபிக்காரர், சத்தமாக.

“ஏலம் உடறாங்களாட்ட இருக்குது,” என்றார் ஒரு பவானி டீலர். அறையே சிரித்தது.

டீம் லீட் என்னிடம் குனிந்து, “கண்ணு, நீ கொஞ்சம் வெளக்கிப்போடு,” என்றார். கையில் மைக் இருப்பதை மறந்திருந்தார்.

“நீங்க மாத்துனதுங்க சார். நீங்களே சொல்லுங்க.”

முன்வரிசையில் இருந்த முதலாளி, “யாரு மாத்துனது?” என்றார். பதிவைத் திரையில் போட்டேன். மேலிருந்து கீழ்வரை டீம் லீட் பெயர். எல்லாரும் படித்து முடிக்கும்வரை நான் பக்கத்தைத் தள்ளவில்லை. அவர் கழுத்து வியர்த்ததைப் பார்த்தபடி நின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

மறுநாள் வேலை நிரந்தரக் கடிதம் வந்தது. அதே நாள் பவானி டீலர் போன் செய்தார். “அம்மணி, இந்த மூணு வாரத்துல ரெண்டு மோட்டார் குடுத்துப்போட்டனுங்க. சரியான்னு பாத்துச் சொல்றீங்களா?”

பார்த்தேன். ஒன்று தப்பு. மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். சரியான கையேடு அத்தனை நாளும் என் மேஜையில் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.