முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள்

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு காலை நேரம். இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் பக்கம், ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போவது என் கணவரின் தொழில். நானும் காய் எடுக்கப் போகிறவள்தான். கொஞ்ச நாளாக முன்சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்திருந்தேன். "இந்த வயசுலயும் ஒட்டிக்கிட்டே போறதப் பாரு" என்று பின்னால் இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அல்சைமர் என்னும் மறதி நோய், இனி வண்டியைத் தொடவே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதரிடம் சாவியை எப்படிப் பிடுங்குவது? ஊரார் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினால் என்னால் தாங்க முடியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. திருப்பம் வந்தால் பேச்சோடு பேச்சாக, "இந்த எடது பக்கம் நேத்து ஒரு மரம் சாஞ்சு கெடந்துச்சுல்ல" என்பேன். அவரும் இடது பக்கம் திருப்புவார். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அன்று கடும் மூடுபனி. திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "ஏம்மா, இது என் வீட்டுக்காரி உக்கார்ற எடம். அவ வந்தா எந்திரிச்சுக் குடுத்துருங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய திருப்பம் கடந்துபோனது. ஜீப் புல் மண்டிய ஒரு பாதையில் இறங்கிப் போய் நின்றது. அவர் ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டி, "மேஸ்திரி, ஆளு வந்தாச்சு" என்று கூப்பிட்டார். யாரோ பதில் சொன்னதுபோலத் தலையாட்டிச் சிரித்தார். அது எப்போதோ மூடிப்போன தோட்டம். அங்கே வேலை வாங்கிய மேஸ்திரி செத்தே பல வருடம் ஆகிறது. பின்னால் இருந்த ஒன்பது பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பனி கொஞ்சம் விலகியது. முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தரையே இல்லை.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் இறங்கினார்கள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்திருந்த ஒருத்தி கேட்டாள்: "தெரிஞ்சேவா எங்கள ஏத்திட்டு வந்தீங்கக்கா?" அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கணவரிடம் சாவியைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். "வீட்டுக்காரிகிட்ட சேத்துருங்கம்மா. அவகிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்றார்.

ஜீப்பை விற்கும்போது ஒரு சாவியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இன்று அவருக்கு நான் யாரென்று தெரியாது, அது பழகிவிட்டது. ஆனால் அந்தச் சாவி கையில் படும்போதெல்லாம், அவர் அவ்வளவு நம்பிய வீட்டுக்காரியாக அன்று நான் நடந்துகொள்ளவில்லையே என்றுதான் தோன்றுகிறது.