மெத்தைக்கடை டெல்பர்ட்டும் சத்தம் போடாத ஹெலிகாப்டரும்

ராணுவப் படைத்தளத்தை ஒட்டிய எங்கள் ஊரான கிளார்க்ஸ்வில்லில் ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசாதவர்கள் இரண்டே வகை. அதில் பறக்கிறவர்கள் ஒன்று, அவர்களுடைய மனைவிமார் இன்னொன்று. மிச்சம் இருக்கிற நாங்கள் எல்லோரும் பேசுவோம். அதிலும் டெல்பர்ட் ப்ரூயிட் அதற்கென்றே பிறந்தவர்.

படைத்தளத்துக்குப் போகிற சாலையில், அடகுக் கடையை ஒட்டி அவருடைய மெத்தைக் கடை இருந்தது. நான் அங்கே டெலிவரி வண்டி ஓட்டினேன். மெத்தை விற்கிறவருக்குப் பகலில் ஏராளமான ஓய்வு கிடைக்கும். டெல்பர்ட் அந்த ஓய்வை நாட்டின் பாதுகாப்பு ரகசியங்களுக்காக அர்ப்பணித்திருந்தார்.

அவர் ஹெலிகாப்டரில் ஏறியதே கிடையாது. விமானத்தில் ஒருமுறை ஏறி, அது தரையை விட்டுக் கிளம்புவதற்குள் வாந்தி எடுத்து இறக்கிவிடப்பட்டவர். ஆனால் அதிரடிப் படையினர் இரவில் எதிரியின் வீட்டு முற்றத்தில் போய் இறங்குவதற்கென்றே ஒரு ரகசிய ஹெலிகாப்டர் இருக்கிறது என்றும், அது ரேடாரில் படாது, சத்தமும் போடாது என்றும், அதைச் செய்தவர்களை விடவும் அவருக்கு உறுதியாகத் தெரியும்.

"நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு மேல போச்சு" என்பார், காலையில் கடையைத் திறந்ததும்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எதுவுமே கேக்கலையே!"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மிச்சமான மெத்தை நுரையை ரொட்டிக் கத்தியால் செதுக்கி, அந்த ஹெலிகாப்டரின் மாதிரி ஒன்றைச் செய்து, கருப்புப் பெயின்ட் அடித்துக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். தலையணை வாங்க வருகிற சிப்பாய்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். "பாத்தியா, வாயே திறக்கல. அப்ப நான் செஞ்சது சரி" என்பார். ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். "மழுப்புறான் பாரு" என்றார்.

இணையத்தில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. உலகம் முழுக்க அதைப் படிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களும் ஹெலிகாப்டரைப் பார்த்ததில்லை என்பதால் கருத்து வேறுபாடு அதிகம் வரவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் அடித்தது. பல் மருத்துவமனையில் வேலை பார்த்த அவருடைய மகள் மார்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பெயர் கர்ட் ஹால்வர்சன். மினசோட்டாக்காரன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம்.

"என்ன வேலை தம்பி?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"படைத்தளத்துல ரிப்பேர் வேலை சார்."

"எதை ரிப்பேர் பண்றீங்க?"

"ஹெலிகாப்டர் சார்."

டெல்பர்ட் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எந்த மாதிரி ஹெலிகாப்டர்?"

"பறக்கிற மாதிரி சார்."

வேறு ஒரு அப்பாவாக இருந்தால் சம்பளம் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்திருப்பார். டெல்பர்ட் கல்யாணத் தேதியை விசாரித்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு தன் கைவரிசைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நன்றித் திருநாள் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார், சாட்சியாக. வான்கோழியை வெட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்தார்.

"வால்ல இருக்கிற சுழலிக்கு அஞ்சு இறக்கைதானே மாப்ளே? ஆறுன்னு சொல்றவன் முட்டாள்தானே?"

"இருக்கலாம் சார்."

"எது இருக்கலாம்? அஞ்சா, முட்டாளா?"

கர்ட் மாமியார் நடீனின் பக்கம் திரும்பினான். "மசிச்ச உருளைக்கிழங்கு ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

"அந்தப் புள்ளையச் சாப்பிட விடு டெல்பர்ட். நீ கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட இவ்வளவு பேச்சு பேசியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் நடீன்.

அடுத்து போர்பன் விஸ்கி. மருமகனைக் குடிக்க வைத்து வாயைப் பிடுங்குவது திட்டம். சாயங்காலத்துக்குள் டெல்பர்ட் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். மருமகன் பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுப் போனான்.

ஆனாலும் டெல்பர்ட் தன் பக்கத்தில் இப்படி எழுதினார்: "படைத்தளத்தோடு நெருங்கிய குடும்பத் தொடர்புள்ள வட்டாரம், ஐந்து இறக்கைகள் என்பதை மறுக்கவில்லை." இதை ஒரு விமானப் பத்திரிகை எடுத்துப் போட்டது. 'குடும்ப', 'தொடர்பு' போன்ற சில்லறைச் சொற்களைக் கழித்துவிட்டு, 'வட்டாரங்கள்' என்று பன்மையும் ஆக்கியது. டெல்பர்ட் அந்தப் பத்திரிகையைக் கடைக்குக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா! அவங்களும் தனியா விசாரிச்சு அதையேதான் சொல்றாங்க!"

டெல்பர்ட்டின் பக்கத்தைப் படைத்தளத்தில் இருந்த சிலரும் படித்திருக்கிறார்கள். ஒரு நாள் மார்லா வேலைச் சீருடையோடு கடைக்குள் புகுந்தாள். மெத்தையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மெதுவாக நழுவினார்கள்.

"டாடி, கர்ட்டைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. யாருடா அந்தக் குடும்பம்னு. காலையில போனவரைச் சாயங்காலம்தான் வெளிய விட்டாங்களாம்."

"அவன் எதுவுமே சொல்லலையேம்மா!"

"அதைத்தான் நீங்க எழுதி வெச்சிருக்கீங்க!"

"மறுக்கலைன்னுதான் எழுதினேன். அது உண்மைதானே?"

"உருளைக்கிழங்கு நல்லா இருக்குன்னும் சொன்னாரு. அதையும் எழுதிப் போடுங்க."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் மருமகனும் வருவது நின்றது. நடீன் கணவனுக்குத் தட்டில் சோறு போட்டாள், பேச்சைப் போடவில்லை. டெல்பர்ட் பெரிய மனசு பண்ணி, கட்டுரையிலிருந்து 'குடும்ப' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்.

வசந்த காலத்தில் கர்ட் 'பயிற்சி' என்று சொல்லிவிட்டு எங்கேயோ போனான். கொஞ்ச நாளில் அந்தச் செய்தி வந்தது. தூர தேசம் ஒன்றில் நம் அதிரடிப் படை ஒரு வீட்டைத் தாக்கியிருக்கிறது. போன ஹெலிகாப்டர்களில் ஒன்று பக்கத்து வாதுமைத் தோப்பில் விழுந்துவிட்டது. ரகசியம் யார் கையிலும் சிக்காமல் இருக்க, விழுந்ததை நம் ஆட்களே கொளுத்திவிட்டார்கள். வால் மட்டும் எரியாமல் ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தது. அந்த வாலின் படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. யாரும் இதுவரை பார்த்திராத வால்.

டெல்பர்ட்டின் வாழ்க்கையிலேயே பெரிய நாள் அது. கடைப் போன் ஓயவில்லை. நாஷ்வில்லிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர் கேமராவோடு கிளம்பிவிட்டார். டெல்பர்ட் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, நுரை ஹெலிகாப்டரின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாலில் எத்தனை இறக்கை என்பது படத்திலும் சரியாகத் தெரியவில்லை. அதனால், தான் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று குதூகலமாக இருந்தார்.

அப்போதுதான் மார்லா வந்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை. வாசல் பக்கமிருந்த கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"டாடி, அதுல எத்தனை பேர் போவாங்க?"

"அதாவதும்மா, எடையைக் குறைக்கிறதுக்காக அவங்க..."

"கர்ட் அதுல இருந்தாரா?"

"அவன் ரிப்பேர்காரன்தானே? அவன் எதுக்கு அதுல போகணும்?"

"ரிப்பேர் பண்றவங்களும் கூடவே பறப்பாங்க டாடி. இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இறக்கை எத்தனை, வால் எத்தனை அடி, பெயின்ட் எந்த ரகம் என்றெல்லாம் பல வருடமாக எழுதிக் குவித்தவருக்கு, அந்த ஹெலிகாப்டருக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தோன்றியதே இல்லை. கையில் தூசித் துணியோடு நின்றார்.

கடைச் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றார். இன்னொரு நிபுணர் எல்லோரும் பத்திரம் என்றார். "வட்டாரங்கள் மறுக்கவில்லை" என்று இருவருமே சொன்னார்கள். டெல்பர்ட் போய்த் தொலைக்காட்சியின் மின்வயரைப் பிடுங்கினார்.

"அவங்களுக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார். "எனக்கு நிச்சயமாத் தெரியும், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அந்த விஷயத்தில் அவரைப் போன்ற நிபுணர் வேறு யாரும் இருக்க முடியாது.

நாஷ்வில்காரர் வந்தபோது கடை பூட்டியிருந்தது. டெல்பர்ட்டும் நானும் மார்லாவை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டோம். நாட்கள் போயின, அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை. நடீன் யாரும் சாப்பிடாத பிஸ்கட்டுகளைச் சுட்டுக்கொண்டே இருந்தாள். டெல்பர்ட் கடையைத் திறக்காமல் என்னோடு வாசல் படியில் உட்கார்ந்து, தெருவில் வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தார். ராணுவ உடையில் இரண்டு பேர் சாவுச் செய்தியோடு இறங்கிவிடக் கூடாதே என்று.

கடைசியில் ஒரு காரிலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கினான். இடது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. புருவத்தில் தையல். மார்லா ஓடினாள். நடீன் மாவுக் கையோடு அப்படியே நின்று அழுதாள். டெல்பர்ட் எழுந்தார். படியிலிருந்து விலகி அவனுக்கு வழி விட்டார்.

"என்ன மாப்ளே ஆச்சு?"

"பயிற்சியில வழுக்கிட்டேன் சார். படியில."

எந்தப் படி, எத்தனை அடி உயரம் என்று கேட்க டெல்பர்ட்டின் வாய் தானாகத் திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மார்லாவும் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"படின்னா அப்படித்தான்" என்றார். "உள்ள வா. பிஸ்கட் இருக்கு, ஊருக்கே போடலாம்."

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே உண்மையான ரகசியத் தகவல் அந்தக் கட்டுப் போட்ட கைதான். அதை அவர் எங்கேயும் எழுதவில்லை. பக்கத்தையே கைவிட்டார். வாசகர்கள் சும்மா இருப்பார்களா? அரசாங்கம் அவரை விலைக்கு வாங்கிவிட்டது என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஆரம்பத்திலிருந்தே அவர் உளவுத்துறை ஆள்தான், மெத்தைக் கடை வெறும் மூடுதிரை என்றார் இன்னொருவர். கடையில் நடந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கே அது சரிதானோ என்று தோன்றும்.

இலையுதிர் காலத்துக்குள் கர்ட்டின் கை தேறியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மறுபடி ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் மாமனாரும் மருமகனும் பன்றி இறைச்சியைச் சுடுவது பற்றி மட்டும் பேசினார்கள். கர்ட் அதில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். பெரும்பாலும் தப்பாக.

ஒரு மனுஷனால் எவ்வளவு காலம் பன்றி இறைச்சியோடு நிற்க முடியும்? போன மாதம் டெல்பர்ட் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார். ரகசிய நீர்மூழ்கிக் கப்பல்கள். கிளார்க்ஸ்வில்லிலிருந்து கடலுக்கு ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். அதனால் இந்த ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் எதுவும் வராது என்று நம்புகிறார்.

நடீனிடம் கருத்துக் கேட்டேன்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. கப்பல் மாப்ளைக்குக் கட்டிக் குடுக்க இன்னொண்ணு இல்ல" என்றாள். "அதுவரைக்கும் கடவுள் காப்பாத்தினாரு."