எல்லோருக்கும் பொதுவாக ஒரு போலிப் பயனர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனைக் கோப்புகள் தனியாக உண்டு. அவை எல்லாவற்றுக்கும் ஒரு போலிப் பயனர் வேண்டும். சேர்ந்த புதிதில் நான் ஒரே ஒரு பயனரை உருவாக்கி, எந்தக் கோப்பும் தொடும்படி குளோபல் மாறியில் போட்டுவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சுள்ளிக்கலிலிருந்து ஸ்கூட்டரில் வரும் தமிழ்ப்பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரியும். திங்கட்கிழமை அவள் ஒரு புதுச் சோதனைக் கோப்பைச் சேர்த்தாள். பழைய சோதனைகளில் பாதி தோற்றன.

என்னிடம் மட்டும் மலையாளம் கலந்த தமிழ் பேசும் மேலாளர், "அந்தக் குட்டி தொட்டா எல்லாம் பொட்டுது, உடையுது. வெள்ளிக்கிழமை ஒரு தீருமானம் எடுக்கணும்" என்றார்.

அன்று மாலையே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் கோப்பு முதலில் ஓடி, அந்தப் பயனரை நிர்வாகி ஆக்கி அப்படியே விட்டுவிடும். பின்னால் ஓடுபவை அந்த நிர்வாகியை நம்பியே பிழைத்துவந்தன. அவள் நடுவில் ஓடும் தன் சோதனைக்காக அவரைச் சாதாரண ஆளாக்கினாள், அவ்வளவுதான். எங்கள் அலுவலகச் சாயா பிளாஸ்க்கும் இப்படித்தான்: முதலில் வருபவர் சர்க்கரை போட்டால் எல்லோரும் அதையே குடிக்க வேண்டும்.

செவ்வாயும் புதனும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். அவளோ மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் தன் கோப்பையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை குளோபல் மாறியை நீக்கினேன். தனிக் கோப்பில் ஒரு சிறிய செயற்கூறு எழுதினேன். ஒவ்வொரு சோதனைக் கோப்பும் அதை இறக்குமதி செய்து அழைத்தால் தனக்கென்று ஒரு புதுப் பயனர் கிடைப்பார். நிர்வாகி தேவைப்பட்டால் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டிப் பார்த்தேன். அவளுடையது உட்பட எல்லாம் தேறின. மேலாளரிடம் போய்ப் பிழை என்னுடையது என்றேன்.

"அப்ப குட்டிக்குக் குழப்பமில்ல, அவ மேல தப்பில்ல. நிரந்தர வேலைக்கு லெட்டர் குடுத்துடலாம்" என்றார்.

அவள் மேசைக்கும் போய்ச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிர்வாகி ஆக்குற அந்த வரி ஆரு எழுதினதுன்னு திங்கட்கிழமையே பாத்துட்டேன் சேட்டா. நாளைக்குக் காலை வரைக்கும் உங்களுக்கு டைம் குடுத்திருந்தேன்."